பன்னு அழும் சத்தம்

ஏப்ரல் 13, ஞாயிறு

தாரிணி பிறந்த பிறகு டைரி எழுதும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. இன்று வீட்டுக்கு ஒரு புது ஜீவன் வந்திருக்கிறது. அதையாவது எழுதி வைக்கலாமே என்று உட்கார்ந்தேன்.

கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே பேக்கரி. அதன் வாசலில் சில நாட்களாக ஒரு நாய்க்குட்டி படுத்துக் கிடந்தது. இன்று ரொட்டி வாங்கப் போனபோது தாரிணி அதைத் தூக்கிக்கொண்டாள். கீழே விடவே இல்லை.

"அம்மா, பாரேன். பன்னு மாதிரியே இருக்குது."

மேலே பழுப்பு, அடியில் வெள்ளை. பன்தான். பேக்கரிக்காரர் சிரித்தார். "எடுத்துட்டுப் போங்கக்கா. இது கூடப் பொறந்தது ஒண்ணும் மிஞ்சல. தாய் நாய் ஒரு மாதிரி சுத்திக்கிட்டு இருந்துச்சு, அதையும் புடிச்சிட்டுப் போயிட்டாங்க."

எனக்கு நாய் என்றால் அவ்வளவு இஷ்டமில்லை. ஆனால் தாரிணிக்கு ஆறு வயது. கூடப் பிறந்தவர்கள் இல்லை. அவள் அப்பா தினா ராஜஸ்தானில் சோலார் சைட்டில் இருக்கிறார். நான் காலையில் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வருகிறேன். வீட்டுக்குள் ஒரு உயிர் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பன்னுவின் காதோரம் காய்ந்த காயம் ஒன்று. தாய் கவ்விய இடமாக இருக்கும். மஞ்சள் தூள் குழைத்து வைத்தேன். "எரியுமா?" என்று தாரிணி கேட்டாள். மஞ்சள் வைத்தால் எல்லாம் ஆறிவிடும் என்றேன்.

தினாவிடம் போனில் சொன்னேன். "நாயா? இருக்கிற ஒண்ணையே கீழ் வீட்டுப் பார்வதம்மாதான் பாத்துக்கிறாங்க. இதை யாரு பாத்துப்பா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.


ஏப்ரல் 17, வியாழன்

இரவெல்லாம் முனகுகிறது. தினசரித் தாளை விரித்தால் அதைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் ஈரம். காலையில் எழுந்து துடைத்து, சமைத்து, தாரிணிக்குத் தலை பின்னி, பஸ்ஸைப் பிடிப்பதற்குள் உயிர் போகிறது.

வீட்டுக்கார பார்வதம்மா கீழ் வீட்டில் இருக்கிறார். பள்ளிவிட்டு வரும் தாரிணி நான் வரும்வரை அவரிடம்தான் இருப்பாள். அவர் மாடிப்படியில் நின்று சொன்னார்: "சங்கவி, குட்டி மாடியிலயே இருந்தா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். என் வாசல்ல அசிங்கம் பண்ணுச்சுன்னா உன்னைத்தான் துடைக்க விடுவேன்."

சொல்லிவிட்டு, தன் வீட்டுப் பாலில் கொஞ்சம் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அதற்குத்தான்.


ஏப்ரல் 28, திங்கள்

பார்வதம்மா ஆனேக்கல்லில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். பிரசவம். வர ஜூலை ஆகிவிடும்.

பள்ளி புதன்கிழமையோடு மூடுகிறது.

மெயின் ரோட்டில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் விசாரித்தேன். ஐந்தரைக்குள் வந்து அழைத்துப் போக வேண்டுமாம். கம்பெனியிலும் "குழந்தைகள் காப்பகம்" என்று ஓர் அறைக்குப் பலகை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள்.

இன்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். ஆர்டர் நெருக்கடி, மே மாதம் முழுக்க லீவு கிடையாது, ஓவர்டைம் கட்டாயம். எங்களைப் போன்ற கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஜூனில் புதுப்பிப்பு. மேயில் லீவு போட்டவர்கள் பெயர் அதில் இருக்காது என்று சூப்பர்வைசர் வாயால் சொன்னார்.

அம்மாவின் எண்ணைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட பிறகு இரண்டு வீட்டிலும் பேச்சு இல்லை. தாரிணியை அவர்கள் பார்த்ததில்லை. போனை வைத்துவிட்டேன்.


மே 1, வியாழன்

இன்று கம்பெனி விடுமுறை. வீட்டை ஒழுங்கு செய்தேன். சிலிண்டரில் இருந்து ரெகுலேட்டரைக் கழற்றி வைப்பது, கத்தி, தீப்பெட்டி எல்லாம் பரண் மேல், பாத்ரூம் பக்கெட்டைத் தண்ணீர் இல்லாமல் கவிழ்த்து வைப்பது, ஜன்னல் கொக்கி. பன்னு எதையும் கடித்து வைக்காமல் இருக்க ஒயர்களை உயரத்தில் கட்டினேன்.

மாலையில் தாரிணியோடு ஒரு விளையாட்டு. நான் வெளியே போய்ப் பூட்டிவிட்டு மாடிப்படியில் நிற்பேன். யார் கூப்பிட்டாலும் அவள் சத்தம் போடக் கூடாது. போட்டால் தோல்வி.

"கொரியர்" என்று குரலை மாற்றிக் கூப்பிட்டேன். சத்தமில்லை. "தாரிணி பாப்பா, நான் உங்க மிஸ்" என்றேன். சத்தமில்லை. கடைசியாக, "தாரு, அம்மா கீழ விழுந்துட்டேன்டி" என்றேன். "அம்மா" என்று கத்திக்கொண்டு கதவை அடித்தாள்.

திறந்து உள்ளே போய், தோற்றுவிட்டாய் என்றேன். உதடு பிதுங்கியது. மறுபடி வெளியே போனேன். இந்த முறை விழுந்துவிட்டேன் என்று மட்டுமில்லை, ரத்தம் வருகிறது என்றும் சொன்னேன். உள்ளே பன்னு மட்டும் ஒரு தரம் முனகியது.

கெட்டிக்காரி. சாக்லேட் கொடுத்தேன்.


மே 2, வெள்ளி

முதல் நாள். இருவருக்கும் சாப்பாடு எடுத்து வைத்தேன். தட்டில் இட்லி, டப்பாவில் தயிர்சாதம், கிண்ணத்தில் பால்சோறு. பழைய போனைச் சார்ஜில் போட்டேன். என் எண் வந்தால் மட்டும் எடுக்க வேண்டும். பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். படியில் இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

வேலையில் மைக்ராஸ்கோப்பில் சர்க்யூட் போர்டு பார்க்கிற இடத்தில் எனக்குக் கண் நிற்கவே இல்லை. எங்கள் லைன் லீடர் எஸ்தர் அக்கா பார்த்துவிட்டார்.

"என்னடி, உடம்பு சரியில்லையா?"

"நாய்க்குட்டியை வீட்ல தனியா விட்டுட்டு வந்திருக்கேன்க்கா. அதான் ஒரு மாதிரி இருக்கு."

"அட, நான் என்னவோன்னு நெனச்சேன். பொண்ணு?"

"லீவுல்ல. அம்மா வீட்ல விட்டிருக்கேன்."

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

வீடு திரும்பிப் பூட்டைத் திறந்தபோது இரண்டும் கதவுக்குப் பின்னாலேயே தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. இட்லி அப்படியே இருந்தது.


மே 3, சனி

பரவாயில்லை. நேற்றைவிடப் பரவாயில்லை.


மே 7, புதன்

பக்கத்து மாடி மஞ்சுளாக்கா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறார். எங்கள் சுவருக்கும் அவர் சுவருக்கும் இடையே ஒரு ஆள் நுழையும் சந்துதான். இன்று இரவு நான் வந்ததும் துணி எடுக்கிற மாதிரி வந்து நின்றார்.

"என்ன சங்கவி, உன் நாய்க்குட்டி நாள் பூரா அழுவுதே."

"சின்னக் குட்டிக்கா. புதுசுல்ல."

"மதியத்துக்கு மேல கேக்க முடியல. மனுஷப் புள்ள அழுவுற மாதிரியே இருக்கு. மிஷினை நிறுத்திட்டுக் கேட்டேன்னா பாரேன்."

"பழகிடும்க்கா."

"பாப்பா எங்க, ஆளையே காணோம்?"

"பாட்டி வீட்ல."

உள்ளே வந்தேன். தாரிணி சமையல் மேடைக்குக் கீழே பன்னுவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பேசியதைக் கேட்டிருப்பாள். கண் வீங்கியிருந்தது. "பன்னு அழுதுச்சும்மா. நான் இல்ல," என்றாள்.

சரி என்றேன்.


மே 9, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் எஸ்தர் அக்காவிடம் கேட்டேன். அவர் வீட்டில் நாய் வளர்த்துப் பழக்கம்.

"கத்தும்போது போய்ப் பாத்தீன்னு வையி, கத்தினா ஆள் வரும்னு தெரிஞ்சுக்கும். பாக்காதே. கெளம்புறப்ப கொஞ்சாதே, போயிட்டு வரேன்னு சொல்லாதே, வெடுக்குனு கெளம்பு. டிவி ஓடட்டும், பேச்சுச் சத்தம் இருந்தா தைரியமா இருக்கும். உன் பழைய புடவை ஒண்ணு போட்டு வை. வாசனைக்கு அதுமேல படுத்துக்கும். பழகிடும்டி. எல்லாம் பழகிடும்."

பக்கத்து சீட் மேரி சிரித்தாள். "இவ நாய்க்குப் படற கவலையில பாதி என் வீட்டுக்காரர் எனக்குப் பட்டா போதும்."

நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடி எல்லாம் செய்தேன். மெரூன் நிறப் பழைய புடவையைக் கட்டிலுக்கு அடியில் விரித்தேன். பன்னுவுக்குத்தான் என்றேன். தாரிணி சுருண்டு அதில் படுத்துக்கொண்டாள். பன்னு அவள் முதுகை ஒட்டி.


மே 10, சனி

போயிட்டு வரேன் என்று சொல்லாமல் கிளம்பினேன்.


மே 14, புதன்

மதியம் லாக்கரிலிருந்து போனை எடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டேன். மணி போகவில்லை. மறுபடி. இல்லை. கை கழுவும் இடத்தில் நின்று எத்தனை தடவை முயன்றேன் என்று தெரியாது. சூப்பர்வைசரிடம் போய் அரை நாள் பர்மிஷன் கேட்டேன்.

"என்ன விஷயம்?"

வாயைத் திறந்தேன். "நாய்க்குட்டி..." என்றுதான் வந்தது.

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "போம்மா, போய் சீட்ல உக்காரு" என்றார்.

மிச்ச நேரத்தை எப்படிக் கழித்தேன் என்று எழுத முடியவில்லை. கண்ணாடிக்குள் போர்டு தெரியவில்லை, பக்கெட்டும் ஜன்னல் கம்பியும்தான் தெரிந்தன. நான் பாஸ் போட்டு அனுப்பிய போர்டுகளில் எத்தனை கெட்டதோ.

வந்து திறந்தால், சார்ஜர் ஒயர் இரண்டு துண்டு. பன்னுவின் வேலை. மூலையில் உட்கார்ந்து வாலை ஆட்டியது. துடைப்பத்தை எடுத்து அடித்தேன். நிறுத்த முடியவில்லை. தாரிணி குறுக்கே விழுந்து, "நான்தாம்மா கடிச்சேன், நான்தான்" என்றாள். அவள் கையிலும் ஒரு அடி விழுந்தது.

"இன்னொரு தடவை ஏதாவது பண்ணுச்சுன்னா பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் விட்டுடுவேன். பாத்துக்கோ," என்றேன்.

"பண்ணாதும்மா. நான் பாத்துக்கிறேன்."

இருவரும் தூங்கிவிட்டார்கள். அடித்த கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.


மே 18, ஞாயிறு

நல்ல நாள். கொஞ்சம் தூறல். பன்னுவுக்குக் கயிறு கட்டிப் பின்னால் இருக்கும் காலி மனையில் ஓடவிட்டோம். மஞ்சுளாக்கா பார்த்து, "பாப்பா ஊர்லேருந்து வந்துட்டாளா?" என்றார். "ஒரு நாளைக்குத்தான்க்கா, விட்டுட்டு வந்துடுவேன்" என்றேன். தாரிணி என்னைப் பார்த்தாள். இப்போதெல்லாம் எதை எங்கே சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிறது.

கால்நடை மருந்தகத்துக்கு நடந்தே போனோம். பூட்டியிருந்தது. வார நாளில் காலையில்தானாம். தடுப்பூசி போட வேண்டும் என்று எஸ்தர் அக்காவும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஜூனில் முதல் வேலை அது.


மே 22, வியாழன்

மஞ்சுளாக்கா ஜன்னலிலிருந்து கூப்பிட்டார்.

"சங்கவி, இப்பல்லாம் சத்தமே இல்லையே. பழகிடுச்சு போல."

"ஆமாங்க்கா."

"பரவாயில்ல. நான்கூட வீட்டுக்காரம்மாகிட்ட போன் பண்ணிச் சொல்லணும்னு இருந்தேன்."

தாரிணி இப்போது அவளே குளிக்கிறாள். மக்கில் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறேன். அவளே சட்டை போட்டுக்கொள்கிறாள், அவளே தட்டைக் கழுவி வைக்கிறாள். இரவு நான் ஊட்டினால் மட்டும் சாப்பிடுகிறாள். எதற்கும் அழுவதில்லை. ஒரு மாதத்தில் எவ்வளவு பெரியவளாகிவிட்டாள் என்று தினாவிடம் சொன்னேன். "பார்வதம்மா வளர்ப்பு" என்றார்.


மே 25, ஞாயிறு

பன்னு நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. சிலிண்டருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்கிறது. விளக்கைப் போட்டால் இன்னும் உள்ளே போகிறது. குரைத்தால் குரல் கட்டியிருக்கிறது. மேல்மாடி, சிமெண்ட் ஷீட், வெயில். சூடாக இருக்கும். மோர் வைத்தேன், தொடவில்லை.


மே 26, திங்கள்

வாயை மூடமாட்டேன் என்கிறது. கீழ்த்தாடை தொங்கிக்கொண்டே இருக்கிறது, எச்சில் ஒழுகுகிறது. தண்ணீரில் மூக்கை வைக்கிறது, குடிக்க முடியவில்லை.

எஸ்தர் அக்காவிடம் கேட்டேன். "எலும்பு கிலும்பு போட்டியா? தொண்டையில மாட்டியிருக்கும்." போன வாரம் மீன் வாங்கியிருந்தோம். முள்ளாகத்தான் இருக்கும். இரவு வந்ததும் டார்ச் அடித்து, விரலை விட்டுத் துழாவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. கையெல்லாம் கொழகொழவென்று. பாவம், கடிக்கக்கூட அதற்குத் தெம்பில்லை.

தாரிணி டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "பஸ் ஸ்டாண்டுல விட்டுடுவியாம்மா?" என்று கேட்டாள்.

"மாட்டேன். தூங்கு."


மே 27, செவ்வாய்

காலையில் பன்னு நடந்தால் பின்னங்கால் இழுத்தது. திடீரென்று நாற்காலிக் காலைக் கவ்வப் போனது. எனக்கு என்னவோ போலிருந்தது. இதை இவளோடு விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று தோன்றியது. இவளை எங்கே விட? பஸ் ஹாரன் கேட்டது. பன்னுவைப் பாத்ரூமில் போட்டுக் கதவைச் சாத்தினேன். "என்ன ஆனாலும் திறக்காதே. ஒண்ணுக்குப் போகணும்னா பழைய பக்கெட் இருக்கு. திறக்காதே," என்றேன். தலையாட்டினாள்.

இரவு வந்தபோது பன்னு பாத்ரூமில்தான் கிடந்தது. கதவு சாத்தித்தான் இருந்தது. தாரிணி அதற்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். திறந்தாயா என்றேன். இல்லை என்றாள். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். இந்த வெயிலில்.


மே 28, புதன்

வேலையிலிருந்து வந்தபோது பன்னு செத்திருந்தது.

தாரிணிக்குத் தெரிந்திருக்கிறது. மெரூன் புடவையை மடித்துப் பாத்ரூம் வாசலில் வைத்திருந்தாள். அதில் சுற்றி, காலி மனையில், இரும்புக் கரண்டியால் தோண்டிப் புதைத்தோம். மஞ்சுளாக்கா மாடியிலிருந்து உச்சுக் கொட்டினார். ஸ்கூல் திறக்கப் போகுதுல்ல, பாப்பாவைக் கூட்டிட்டு வந்துட்டேன் என்றேன்.

நான் அழுதேன். தாரிணி அழவில்லை. என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.


மே 29, வியாழன்

துணி ஊறவைத்தேன். தாரிணியின் முழுக்கைச் சட்டையில் தோளோரம் மஞ்சள் கறை. சாம்பாரைச் சிந்திக்கொண்டிருக்கிறாள். தேய்த்துத் தேய்த்து விரல் எரிகிறது. மஞ்சள் டப்பாவும் பாதி காலி. சமையல் மேடைமேல் ஏறாதே என்று எத்தனை தடவை சொல்வது. தனியாக இருக்கிற பிள்ளை விழுந்து வைத்தால் யார் பார்ப்பது.


மே 31, சனி

ஓவர்டைம் முடிந்தது. புதுப்பிப்புப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. எஸ்தர் அக்கா கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒரு நாள்கூட லீவு போடாதவள் என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொன்னார்.


ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாம் என்று சட்டையைக் கழற்றச் சொன்னேன். "நானே குளிச்சுக்கிறேன்" என்றாள். விடவில்லை.

இடது தோளுக்குக் கீழே, பின்பக்கம். நான்கு புள்ளி, அதில் இரண்டு ஆழம். சுற்றிலும் மஞ்சள் தூள் காய்ந்து பொருக்காக இருந்தது.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்லம்மா."

"தாரு."

"பன்னு தெரியாம கடிச்சிடுச்சு. அதுக்கு வாய் வலிச்சுதுல்ல."

"எப்போ?"

"பாத்ரூம்ல போட்டல்ல, அன்னிக்கு."

"திறக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"உள்ள இருட்டா இருந்துச்சும்மா. அதுக்கு சுவிட்ச் எட்டாது. பூட்டி வெச்சா அது பயப்படும். எனக்குத் தெரியும்."

"கத்தியிருக்கலாம்ல? மஞ்சுளாக்காவுக்குக் கேட்டிருக்கும்ல?"

என்னைப் புரியாமல் பார்த்தாள். "யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு சொன்னியே. வாயைப் பொத்திக்கிட்டேன். நான் தோக்கலம்மா."

எண்ணெய்க் கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. சோப்பு போட்டுக் கழுவிக் கழுவி, ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டூட்டியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. நாய் எங்கே என்றார். செத்துவிட்டது என்றேன். சாகும் முன் எப்படி இருந்தது என்றார். தாடை, எச்சில், பின்னங்கால் எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"நீங்க வாய்க்குள்ள கை விட்டீங்களா?"

"முள்ளு மாட்டியிருக்குன்னு நெனச்சேன்."

"உங்களுக்கும் ஊசி போடணும். பாப்பாவைக் கடிச்சப்ப கூட யாரு இருந்தாங்க?"

பார்வதம்மா என்று வாய்வரை வந்தது.

"யாருமில்ல."

"அப்படின்னா?"

"வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு வேலைக்குப் போயிட்டேன்."

இதை நான் வாயால் சொன்னது இன்றுதான். டாக்டரம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தாரிணியின் தோளைத் திருப்பிப் பார்த்தார்.

"காயத்தைச் சுத்தியே ஒரு மருந்து போடணும். ரொம்ப வலிக்கும். கெட்டியாப் புடிச்சுக்குங்க."

"காப்பாத்திடலாம்ல டாக்டர்?"

"அன்னிக்கே வந்திருந்தா தைரியமாச் சொல்லியிருப்பேன். மருந்து வேலை செய்யும்னுதான் நம்பறோம். ஒரு ஊசிகூடத் தவறக் கூடாது. இனிமே பாத்துக்கிட்டே இருக்கணும்."

பிடித்துக்கொண்டேன். ஊசி காயத்துக்குள் இறங்கி இறங்கி வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாரிணி தன் உள்ளங்கையை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் ஓடியது.

"எவ்ளோ சமத்து," என்றார் நர்ஸ். "பெரிய ஆளுங்களே அலறுவாங்க. எப்படிம்மா இப்படி வளத்தீங்க?"

வீட்டுக்கு வந்ததும் மடியில் போட்டுக்கொண்டு, "அழுடி. வலிச்சா அழணும்," என்றேன்.

"கதவு திறந்திருக்கும்மா," என்றாள். "வெளிய கேக்கும்."


ஜூன் 2, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. எஸ்தர் அக்கா போன் செய்தார். "கையெழுத்துப் போடற நாள்ல எங்கடி போயிட்டே? நாய் செத்ததுக்கா லீவு?"

சொன்னேன். எல்லாவற்றையும். நாய்க்குட்டி என்று நான் அவரிடம் கேட்டதெல்லாம் எதற்கு என்பதையும்.

"ஐயோ, நான் சொன்னதையெல்லாம் புள்ளைக்கா செஞ்சே?" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

தினா ரயில் ஏறிவிட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பார்வதம்மாகிட்டதானே விட்டிருந்தே?"

மாலையில் மஞ்சுளாக்காவின் வீட்டுப் படியேறினேன். அவர் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்னிக்கு அழுதது நாய் இல்ல."

ஊசியை நிறுத்தாமல் இரண்டு தையல் போட்டார். பிறகு நூலைக் கடித்து அறுத்தார்.

"ஒரு நாள் 'அம்மா'ன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு," என்றார். "நீதான் நாய்னு சொன்னியே. நாயாத்தான் இருக்கும்னு மிஷினை ஓட்டிட்டேன்."




ஜூன் 4, புதன்

இரண்டாவது ஊசி. அவளுக்கும் எனக்கும். இன்றும் சத்தமில்லை.

தினா மதியம் வந்தார். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். பிறகு தரையிலேயே தூங்கிவிட்டார்.

பூட்டைக் குப்பையில் போட்டுவிட்டேன். கதவு திறந்தே இருக்கிறது. தாரிணி இரண்டு தடவை எழுந்து போய் அதைச் சாத்திவிட்டு வந்தாள்.

காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். காயத்தில் குறுகுறுப்பு இருக்கிறதா என்று கேட்கிறேன். விளக்கைப் போட்டால் கண் கூசுகிறதா என்று பார்க்கிறேன். வெறிநோய் வெளியே தெரிய மாதக்கணக்கில்கூட ஆகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அதுவரை இப்படித்தான்.

படுக்கும் முன் தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன்.

"தாகமில்லம்மா."

"ஒரு வாய்."

"இப்பதானே குடிச்சேன்."

"அம்மா பாக்கணும்டி. குடி."

எழுந்து உட்கார்ந்தாள். என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள். வாயைத் திறந்து காட்டினாள்.

நான் சொன்னால் எதையும் செய்துவிடுகிறாள்.